ஜப்பானிலிருந்து வந்த மர்ம நாவல்கள்



பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கப்படுவது எதுவோ, அதுவே மர்ம நாவல் என்று ஒருவர் இலக்கணம் வகுத்தால் அதை மறுப்பது கடினம். பெரியோர் பலருக்கு அதன்மீது வெறுப்பு உண்டு. பொழுதை வீணாக்கும், மனத்தைக் கெடுக்கும், நல்ல நூல்களின்பால் செல்ல வேண்டிய ஆர்வத்தைத் திசை திருப்பும் என்பன அவர்கள் சாட்டும் குற்றங்கள். இக்குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இரத்தமும் திகிலும் தவிர வேறொன்றும் இல்லாத நூல்கள் எம்மொழியிலும் மலிந்துதான் கிடக்கின்றன. ஆனால் பதர் மிகுதி என்பதற்காக நெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடுவது அறிவுடைமை ஆகாது. முறத்தை எடுத்துப் புடைக்கத் தெரிந்தால் போதும்.

நல்ல மர்ம நாவலைப் புடைத்தெடுக்க மூன்று அளவைகள் உண்டு. முதலாவது நேர்மை. துப்பறிவோன் கண்ட தடயங்கள் அனைத்தும் வாசகன் கண்ணிலும் பட வேண்டும். கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவனே குற்றவாளி என்று ஆசிரியர் கூறுவாராயின் அது ஏமாற்று வேலை. 1929-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றின் சாரம் இந்த நேர்மையே. இரண்டாவது, காரண காரியப் பொருத்தம். நடந்தது இப்படித்தான் நடந்திருக்க வேண்டும், வேறு விதமாக நடந்திருக்க இயலாது என்று நம் அறிவு ஒப்ப வேண்டும். மூன்றாவது, மனிதர். கொலையுண்டவன் சதுரங்கக் காய் அல்லன். அவனும் ஒருவருக்கு மகன், ஒருவருக்கு நண்பன். இதை மறந்த நூல் புதிர்க் கணக்காக நிற்குமே அன்றி இலக்கியம் ஆகாது.

இம்மூன்று அளவைகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், அண்மை ஆண்டுகளில் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக நமக்கு எட்டியிருக்கும் ஜப்பானிய நாவல்கள் சிறந்த இடம் பெறுகின்றன. அவற்றுள் சில எழுதப்பட்டு நெடுங்காலம் ஆயின. எனினும் அந்த மொழி அறியாத நம் போன்றவர்களுக்கு அவை புதிய நூல்களே. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கதையின் முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். அதை நீங்களே தேடிக் காண்பதில்தான் சுவை இருக்கிறது.

துப்பறியும் கதை என்னும் இலக்கிய வகை 1841-இல் அமெரிக்கர் எட்கர் ஆலன் போ எழுதிய சிறுகதை ஒன்றில் பிறந்தது என்பர். அது மேல்நாடுகளில் வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தழுவல்களாக ஜப்பானுக்குள் புகுந்தது. நம் தமிழிலும் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் மேல்நாட்டுக் கதைகளைத் தழுவி எழுதியே இத்துறையைத் தொடங்கி வைத்தனர் என்பதை இங்கு நினைவுகூரலாம். 1923-இல் ஓர் இளம் எழுத்தாளர் தழுவலை விடுத்துச் சொந்தக் கற்பனையில் ஒரு துப்பறியும் சிறுகதை வெளியிட்டார். அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் எடோகாவா ராம்போ. சற்று விரைவாக உச்சரித்துப் பாருங்கள். எட்கர் ஆலன் போ என்னும் பெயரின் எதிரொலி அதில் கேட்கும். குருவின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட சீடர் அவர்.

பின்னர்ப் போர்க்காலம் வந்தது. துப்பறியும் கதைகள் அரசின் தணிக்கைக்கு ஆளாயின. ராம்போவின் சிறுகதை ஒன்றே 1939-இல் தடை செய்யப்பட்டது. காரணம் தேடுவதும் கேள்வி கேட்பதும் ஐயுறுவதும் துப்பறியும் கதையின் உயிர். கேள்வி கேட்பதை விரும்பாத காலத்தில் அக்கதை வாழ்வது அரிது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், போர் முடிந்த மறு ஆண்டே அங்கு ஒரு மர்ம நாவல் எத்தகைய ஆர்வத்தோடு எழுதப்பட்டிருக்கும் என்பது விளங்கும்.

1946-இல் தொடராக வெளிவந்த அந்நாவலின் ஆசிரியர் செய்ஷி யோகோமிசோ. போர்க்காலத்தின் இறுதியில் நகரத்தை விட்டு ஒகயாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குடியேறியவர் அவர். அந்நாட்டுப்புறத்தையே தம் கதைக்குக் களமாக்கினார். 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' என்னும் பெயரில் 2019-இல் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் லூயிஸ் ஹீல் கவாய். ஹோன்ஜின் என்பது முற்காலத்தில் பெருநிலக்கிழார்கள் பயணத்தின்போது தங்கிச் சென்ற மதிப்பு வாய்ந்த விடுதி. அத்தகைய விடுதியை நடத்திய பழங்குடும்பம் ஒன்றில் 1937-ஆம் ஆண்டு ஒரு திருமணம் நடைபெறுகிறது. மணமகள் பள்ளி ஆசிரியை. அவளுடைய முன்னோர் குத்தகை உழவர் என்பதால் உறவினர் பலருக்கு மணத்தில் உடன்பாடு இல்லை. திருமண இரவில் மணமக்கள் இருவரும் பூட்டிய அறைக்குள் வெட்டுண்டு கிடக்கின்றனர். கோட்டோ என்னும் நரம்பு இசைக்கருவியின் ஒலி நள்ளிரவில் கேட்கிறது. வாள் வெளியே தோட்டத்துப் பனியில் குத்தி நிற்கிறது. பனியின்மீது வெளியேறிச் சென்ற அடிச்சுவடு ஒன்றேனும் இல்லை.

இப்புதிரை அவிழ்க்க வருபவன் கொசுகே கிண்டாய்ச்சி என்னும் இளைஞன். மிடுக்கான உடையும் கம்பீரமான நடையும் உள்ள துப்பறிவோனை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். கலைந்த தலைமயிரும் கசங்கிய ஆடையும் திக்கிய பேச்சும் உடையவன் அவன். சிந்தனை தீவிரமாகும்போது தலையைச் சொறிந்துகொள்வான். ஆனால் அவன் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. குலப்பெருமை என்னும் பழைய நோய் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டு செல்லும் என்பதை அவன் வாயிலாக ஆசிரியர் காட்டுகிறார். இந்நோய் ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நான் குறிப்பிட விரும்பும் ஆசிரியர் செய்ச்சோ மட்சுமோட்டோ. 1909-இல் வறிய குடும்பத்தில் பிறந்தவர். தொடக்கக் கல்விக்குமேல் பயில வழியில்லாமல் வேலைக்குச் சென்றவர். செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் விளம்பரப் பகுதியில் பணியாற்றிக்கொண்டே எழுதத் தொடங்கி, நாற்பது வயதைக் கடந்த பின்னர் அந்நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசான அக்குதாகவா பரிசைப் பெற்றார். அவர் 1957-இல் ஒரு பயண இதழில் தொடராக எழுதத் தொடங்கிய நாவல் 'புள்ளிகளும் கோடுகளும்' என்னும் பொருள்படும் பெயர் உடையது. 2022-இல் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்னும் பெயரில் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துள்ளது.

தென்பகுதித் தீவான கியூஷுவில் ஒரு கடற்கரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறந்து கிடக்கின்றனர். ஆண், ஊழல் விசாரணைக்கு உள்ளான ஓர் அரசு அமைச்சகத்தின் அலுவலர். பெண், டோக்கியோவில் உணவு விடுதி ஒன்றில் பணி செய்தவள். காதலர் இருவர் நஞ்சருந்தி மாண்டனர் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் டொரிகாய் என்னும் அனுபவம் மிக்க காவல்துறைத் துப்பறிவோருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இறந்தவனுடைய சட்டைப்பையில் ரயில் உணவுப்பெட்டியின் ரசீது ஒன்று இருந்தது. அதில் ஒருவர் உணவருந்தியதாகவே குறிக்கப்பட்டிருந்தது. சாவதற்கென்றே சேர்ந்து புறப்பட்ட காதலர் இருவர். பெண்ணுக்குப் பசி இல்லையென்றே வைத்துக்கொள்வோம். துணைக்காகவேனும் எதிரே அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீராவது அருந்தியிருக்க மாட்டாளா? இது பெரிய அறிவியல் ஆராய்ச்சி அன்று. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த மனித இயல்பு. அந்தச் சிறு ரசீதைப் பற்றிக்கொண்டே ஒரு பெரிய சூழ்ச்சியின் நூல் பிரிகிறது.

இந்நாவலின் மற்றொரு சிறப்பு ரயில் கால அட்டவணை. டோக்கியோ நிலையத்தின் 13-ஆம் நடைமேடையிலிருந்து 15-ஆம் நடைமேடையைப் பார்க்க முடியாதபடி இடையில் எப்போதும் ஏதேனும் ஒரு ரயில் வந்து நிற்கும். நாள் முழுவதிலும் மாலை 5.57 முதல் 6.01 வரை நான்கு நிமிடங்கள் மட்டுமே பார்வை தடைப்படாது. அந்த நான்கு நிமிடங்களில் ஒரு காட்சி சிலர் கண்ணில் படுகிறது. அது தற்செயலாகப் பட்டதா, படும்படி செய்யப்பட்டதா? குற்றவாளி யாராக இருக்கலாம் என்பதைப் பாதி நூலுக்கு முன்பே நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். ஆனால் அவர் அந்த வேளையில் நாட்டின் மறுகோடியில் இருந்ததற்குச் சான்று மேல் சான்று கிடைக்கிறது. ஒவ்வொரு சான்றையும் பொறுமையாகத் தட்டிப் பார்க்கும் மிஹாரா என்னும் இளம் துப்பறிவோரின் உழைப்பே கதை. இந்நூலில் வீரதீரச் செயல்கள் இல்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. பதவியில் உள்ளவர்களைக் காப்பதற்காகக் கீழே உள்ளவர்கள் எவ்வாறு பலியிடப்படுகிறார்கள் என்ற கசப்பான உண்மை மட்டும் இருக்கிறது. சமூகத்தை நோக்கித் திரும்பிய இந்த எழுத்து முறையைப் பின்னர்ச் சமூகப் பிரிவு என்றே ஜப்பானியர் பெயரிட்டழைத்தனர்.

எந்தப் பாதையும் நெடுநாள் ஒரே திசையில் செல்வதில்லை. சமூக நாவல் பெருகியபோது புதிரின் இன்பம் குறைந்துவிட்டது என்று இளைஞர் சிலர் ஏங்கினர். அவர்களுள் ஒருவர் யுகிடோ அயட்சுஜி. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மர்ம நாவல் சங்கத்து உறுப்பினராக இருந்தவர். 1987-இல் அவர் எழுதிய முதல் நாவல் 'தி டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்'. அது 2015-இல் ஆங்கிலத்தில் வந்தது. பல்கலைக்கழகத்து மர்ம நாவல் சங்கத்தைச் சேர்ந்த ஏழு மாணவர்கள், பத்துக் கோண வடிவில் கட்டப்பட்ட வீடு ஒன்று உள்ள தனித்தீவுக்கு ஒரு வாரம் தங்கச் செல்கின்றனர். ஒருவரையொருவர் எல்லரி, அகதா, போ என்று புகழ்பெற்ற மேல்நாட்டு எழுத்தாளர்களின் பெயர்களால் அழைத்துக்கொள்கின்றனர். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் மடியத் தொடங்குகின்றனர். அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய தனித்தீவுக் கதையை நினைவூட்டும் அமைப்பு இது. எனினும் இறுதியை நெருங்கும்போது ஒரே ஒரு வாக்கியம் வருகிறது. அதுவரை நாம் கட்டி வைத்திருந்த கோட்டை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தால் சரிந்து விழுகிறது. சரிந்த பின் திரும்பிப் பார்த்தால், ஆசிரியர் ஓரிடத்திலும் பொய் சொல்லவில்லை என்பது தெரியும். நாமாகவே அனுமானித்தோம், நாமாகவே ஏமாந்தோம். மாணவர்களைப் பற்றி மாணவர் ஒருவரே எழுதியது போன்ற இந்நூல் கல்லூரி இளைஞர்களுக்கு மிகப் பிடிக்கும்.

இனி இக்காலத்தில் உலகெங்கும் வாசிக்கப்படும் ஒருவரிடம் வருவோம். கெய்கோ ஹிகாஷினோ 1958-இல் ஒசாகாவில் பிறந்தவர். மின்பொறியியல் பயின்று, தொழில் நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே எழுதி, 1985-இல் எடோகாவா ராம்போ பரிசு பெற்றவர். 2005-இல் அவர் வெளியிட்ட நாவல் ஆங்கிலத்தில் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' எனப்படுகிறது. நவோக்கி என்னும் பெரும்பரிசை அதற்கு வழங்கினர். 2011-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 2023-இல் 'ஜானே ஜான்' என்னும் இந்தித் திரைப்படமாகவும் உருமாறியது.

இந்நாவலில் கொலையாளி யார் என்பது தொடக்க அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். உணவுப் பொட்டலக் கடை ஒன்றில் வேலை செய்யும் யசுகோ என்னும் பெண், தன்னையும் தன் மகளையும் துன்புறுத்த வந்த முன்னாள் கணவனைக் கொன்றுவிடுகிறாள். அடுத்த வீட்டில் வாழ்பவர் இஷிகாமி, உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர். மேதையாகக் கருதப்பட்டும் வாழ்க்கைச் சூழலால் ஆராய்ச்சித் துறையில் நிலைபெற இயலாமல், கணிதத்தில் ஆர்வமற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் காலம் கழிப்பவர். நாள்தோறும் அக்கடையில் உணவு வாங்குவதே அவர் வாழ்வின் ஒளி. அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகத் தம் கணித மூளை முழுவதையும் அவர் செலவிடுகிறார். எதிர்ப்புறம் நிற்பவர் இயற்பியல் அறிஞர் யுகாவா, இஷிகாமியின் கல்லூரித் தோழர். தீர்க்க முடியாத கணக்கு ஒன்றை அமைப்பது கடினமா, அதைத் தீர்ப்பது கடினமா என்னும் வினா இருவருக்கும் இடையே எழுகிறது. நட்புக்கும் உண்மைக்கும் நடுவே யுகாவா படும் வேதனை, எந்தப் புதிரையும்விட நம்மை அதிகமாக வருத்துகிறது.

இஷிகாமி தேர்வு வினாத்தாள் அமைக்கும் முறையைப் பற்றி ஒரு குறிப்பு நூலில் வருகிறது. பார்ப்பதற்கு வடிவியல் கணக்குப்போல் தோன்றும். உண்மையில் அது இயற்கணிதக் கணக்காக இருக்கும். இதற்குமேல் நான் சொன்னால் நாவலாசிரியருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். ஆனால் ஒன்று சொல்லலாம். அன்பு என்னும் பெயரால் செய்யப்படும் எதுவும் நியாயம் ஆகிவிடுமா? ஒருவர்மீது கொண்ட பேரன்பு வேறொருவர்மீது சிறிதும் இரக்கம் இல்லாமல் இருக்கக்கூடுமா? நூலை மூடிய பிறகு, இக்கதையில் நாம் யாரை மறந்தோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைக்கும்போது, சற்று முன்பு இஷிகாமிக்காக நீங்கள் சிந்திய கண்ணீரே உங்களைச் சுடக்கூடும். என் மனத்தில் இந்நூல் நிலைத்ததற்குக் காரணம் அந்தச் சூடே.

அந்நூலின் பாரம் தாங்காது என்று அஞ்சுவோர், ஹிகாஷினோ 2009-இல் எழுதிய 'நியூகமர்' என்னும் நாவலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-இல் வந்தது. டோக்கியோவின் பழைய கடைத்தெரு ஒன்றின் அருகே தனியே வாழ்ந்த ஒரு பெண் கொலையுண்கிறாள். புதிதாக மாற்றலாகி வந்த காகா என்னும் துப்பறிவோர், அரிசி முறுக்குக் கடை, மண்பாண்டக் கடை, கடிகாரக் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு கடையிலும் ஒரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சிறு பொய். அப்பொய்களுக்குப் பின்னே இருப்பது பெரும்பாலும் குற்றம் அன்று. மாமியார் மருமகளிடமும், தந்தை மகளிடமும் வாய்விட்டுச் சொல்லாத பாசம். குற்றவாளியைப் பிடிப்பதோடு துப்பறிவோர் கடமை முடிந்துவிடாது, குற்றத்தால் மனம் புண்பட்டவர்களுக்கு ஆறுதல் தேடித் தருவதும் அவர் பணியே என்னும் எண்ணம் இந்நூல் முழுதும் இழையோடுகிறது.

இத்தகைய நாவல்களைப் படிக்கும் முறையைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள். அருகில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். யார், எங்கே, எந்நேரத்தில் என்பதை எழுதி வாருங்கள். ஜப்பானியப் பெயர்கள் தொடக்கத்தில் குழப்பம் தரும். பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டால் அக்குழப்பம் நீங்கும். முக்கால் பகுதி முடிந்ததும் நூலை மூடி வைத்துவிட்டு, உங்கள் முடிவைக் காரணத்தோடு அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு மேலே படியுங்கள். உங்கள் விடை தவறாக இருந்தால் வருந்த வேண்டா. எந்த இடத்தில் வழி தவறினோம் என்று திரும்பிச் சென்று பாருங்கள். பெரும்பாலும், கண்ணால் கண்ட ஒன்றுக்கும் நாமாக எண்ணிக்கொண்ட ஒன்றுக்கும் வேறுபாடு காணத் தவறிய இடமாகவே அது இருக்கும்.

இந்த வேறுபாட்டைக் காணும் பழக்கம் நாவலோடு நின்றுவிடுவதன்று. ஒருவரைப் பற்றி ஊரார் கூறும் பழியை நாம் கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடுகிறோம். நம்ப விரும்பியதை நம்புவதே மனித இயல்பு. கடற்கரையில் இருவர் மாண்டு கிடந்தபோது ஊர் முழுவதும் அவ்வாறே நம்பியது. ஒரு துப்பறிவோர் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் எடுத்து, இது பொருந்தவில்லையே என்றார். அந்த ஒருவர் இல்லையேல் இறந்தவர்களின்மீது சுமத்தப்பட்ட பொய் அவர்களோடு புதைந்து போயிருக்கும். மாண்டவர்கள் எழுந்து வந்து தங்களுக்காகப் பேச முடியாது. அவர்களுக்காக உண்மை பேசுவோர் உயிரோடு இருப்பவர்களே. நல்ல துப்பறியும் நாவலின் அறம் இதுதான்.

ஆகவே நண்பர்களே, நூலகத்துக்குச் செல்லும்போது இந்நூல்களில் ஒன்றையேனும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மேசைமீது வெளிப்படையாகவே வைத்துப் படிக்கலாம். உங்கள் பெற்றோர் அது என்ன நூல் என்று வினவினால், முதல் அத்தியாயத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அதன் பின்னர் அந்நூல் உங்கள் கைக்குத் திரும்பி வரச் சில நாட்கள் ஆகலாம். அதற்கு மட்டும் நீங்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.